பசைக் கிராணியார் ஒட்டிய பதினாறு பக்கங்கள்

ஈப்போ ரயிலடிக்குப் பின்னால் இருந்த எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் வளர்ந்த கிறிஸ்தவப் பிள்ளைகள் யாரும் ஒரு கதையைக்கூட ஒழுங்காக முழுசாகப் படித்ததில்லை. கதாநாயகன் பூந்தோட்டத்துக்குள் நுழைவான். அடுத்த பக்கத்தில் தலையில் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடப்பான். நடுவில் என்ன நடந்தது என்பது மலாயா முழுவதிலும் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் பசைக் கிராணியார்.

பெற்றவர்கள் அவருக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருபத்தைந்து வருஷம் கிராணி வேலை பார்த்தவர். அதாவது, விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் நின்று, வந்த ஆள் வராத ஆள் என்று செக்ரோல் ஏட்டில் பதியும் குமாஸ்தா. ஆள் நெட்டை. கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, வேட்டி, அதன் கீழே கான்வாஸ் சப்பாத்து. ஞாயிறு ஆராதனையில் அவர் பாட எழுந்தால் முன் வரிசைக் கைக்குழந்தைகள் வீறிட்டு அழும். மனைவி தோட்டத்துக் காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளை கிடையாது. பிள்ளை இல்லாதவரிடம் எல்லாருடைய பிள்ளைகளையும் ஒப்படைத்தது எங்கள் பெற்றோரின் புத்திசாலித்தனம்.

அதற்குக் காரணமானவன் எங்கள் பக்கத்து வீட்டுத் தாவீது. அவனுக்குப் பத்து வயது. சென்னையிலிருந்து கப்பலில் பினாங்குக்கு வந்து, அங்கிருந்து ரயிலேறி ஈப்போ கடைகளுக்கு வரும் துப்பறியும் நாவல்களை அவன் கரையான் மாதிரி அரித்துக்கொண்டிருந்தான். ஒரு ஞாயிறு பள்ளியில் போதகர், "உலகத்தில் முதல் கொலையைச் செய்தது யார்?" என்று கேட்டார். தாவீது எழுந்து நின்று யோசித்தான்.

"விசாரிக்காம எப்படிங்கய்யா சொல்றது? எனக்கு என்னமோ அந்தத் தோட்டக்காரன் மேலதான் சந்தேகம்."

போதகர் சிரித்துவிட்டார். தாய் தகப்பன்மார் சிரிக்கவில்லை. அன்று மத்தியானமே எங்கள் வீட்டு முன்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். என் அப்பா ரயிலடியில் தந்தி குமாஸ்தா. உலகத்துச் செய்தியெல்லாம் தன் விரல் வழியாகத்தான் போகிறது என்ற நினைப்பு அவருக்கு உண்டு. அதனால் அவரே தலைமை.

"எல்லாத்தையும் கூட்டி வச்சுக் கொளுத்திடலாம்லா" என்றார் ஸ்டோர் கீப்பர் வீட்டம்மா.

"பள்ளிக்கூடத்துப் புத்தகமும் இருக்கேம்மா" என்றார் அப்பா.

"அப்ப யாராச்சும் படிச்சுப் பாத்துட்டுப் புள்ளைங்க கையில குடுக்கணும். யாரு படிக்கிறது?"

கூடத்தில் அமைதி. கடைசி ஜெபத்துக்குக்கூட அவ்வளவு அமைதி இருந்து நான் பார்த்ததில்லை. அப்பாமார்களுக்கு வேலை, அம்மாமார்களுக்கு அடுப்பு. இந்த வயதில்தான் எனக்கு இதைச் சொல்ல வாய் வருகிறது: எங்களைப் பெற்றவர்கள் புத்தகத்துக்குப் பயந்தார்கள், படிக்கச் சோம்பல்பட்டார்கள், இரண்டையும் சேர்த்து பக்தி என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் மூலையில் இருந்த கிராணியார் தொண்டையைச் செருமினார்.

"நான் படிக்கிறேன். எனக்கு என்ன வேலை இருக்கு? ஆனா ஒண்ணு. கிழிக்க மாட்டேன். தோட்டத்துல செக்ரோல்ல ஒரு பக்கம் கெட்டுப்போச்சுன்னா நாங்க கிழிக்கிறதில்ல. துரை பக்கத்த எண்ணுவாரு. ஒண்ணு கொறஞ்சாலும் வேல போயிடும். கெட்ட பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் சேத்து ஒட்டிருவோம். புத்தகமும் முழுசா இருக்கும், தப்பும் வெளிய தெரியாது."

துரைக்குப் பயந்து கண்டுபிடித்த அந்த உபாயம், கர்த்தருக்கும் பொருந்தும் என்று கூட்டம் ஏகமனதாக ஒப்புக்கொண்டது. வேலை தங்கள் தலையில் விழவில்லை என்ற சந்தோஷத்தில் ஸ்டோர் கீப்பர் வீட்டம்மா இரண்டு முறை ஸ்தோத்திரம் சொன்னார்.

அதிலிருந்து சனிக்கிழமை காலை பசியாறியதும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் புத்தகங்கள் அவர் வீட்டுக்குப் போகும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் திரும்பக் கொடுப்பார். மரவள்ளிக் கிழங்கு மாவில் அவரே காய்ச்சிய பசை. அந்த வாடை அவர் கோட்டிலும் மீசையிலும் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. அவர் எங்கள் தெருவுக்குள் நுழைவதற்கு முன்பே பசை நுழைந்துவிடும்.

ஒட்டினாரே, அப்படி ஒட்டினார்! காதல் ஒட்டினார், கொலை ஒட்டினார், ஆள்மாறாட்டம் ஒட்டினார். பூகோளப் புத்தகத்தில் சட்டை போடாத தீவுக்காரர்களை ஒட்டியதால் எங்களுக்குப் பசிபிக் சமுத்திரம் முழுவதும் வெறும் தண்ணீராகப் போனது. ஸ்டோர் கீப்பர் வீட்டம்மாவின் சமையல் புத்தகத்தில் கிறிஸ்துமஸ் கேக்குக்கு இரண்டு கரண்டி பிராந்தி போடச் சொல்லியிருந்தது. அதையும் ஒட்டிவிட்டார். அந்த வருஷக் கேக்கை வெட்டுவதற்கு ஸ்டோர் கீப்பர் கொல்லைப்புறம் போய்க் கோடாலி எடுத்து வந்தார் என்று தாவீது சத்தியம் செய்தான்.

பிள்ளைகள் நாங்கள் சும்மா இருப்போமா? கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனோம்.

"கிராணியார் மாமா, இந்தக் கணக்குல சாராயப் பீப்பா வருது."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "எத்தன பீப்பா?"

"ஏழு மாமா. ஒரு பீப்பா ஒழுகுது வேற."

"ஒழுகுதா? அப்ப ஒட்ட வேண்டியதுதான்."

திங்கட்கிழமை பள்ளியில் பின்னக் கணக்கு முழுவதும் ஒட்டிக்கொண்டிருந்தது. வாத்தியார் எங்கள் ஆறு பேரையும் வரிசையாக நிறுத்தி ரோத்தான் பிரம்பால் விளாசினார். எங்களில் ஒருவருக்கும் பின்னம் கடைசிவரை வரவில்லை.

ஒட்டிய பக்கத்தைப் பிரிக்க ஒரு வழியை நாங்கள் ஒரே மாதத்தில் கண்டுபிடித்துவிட்டோம். தேத்தண்ணி கெண்டியின் மூக்கில் வரும் ஆவியில் பக்கத்தைக் காட்டினால் மரவள்ளிப் பசை இளகிவிடும். படித்துவிட்டு இட்லி மாவைத் தொட்டு மறுபடி ஒட்டிவிடலாம். வரிசையில் இது நடக்காத வீடே இல்லை. ஸ்டோர் கீப்பர் வீட்டு மூன்று பெண்களும் செய்தார்கள். போதகர் மகன் செய்தான். நான் செய்தேன். ஆவியைவிட எங்களுக்கு உதவியாக இருந்தவை கரப்பான்கள். பசை ருசிக்கு ஆசைப்பட்டு அவை ஒட்டிய பக்கங்களின் ஓரத்தை மட்டும் பார்த்து அரித்துப் பிரித்துவிட்டன. நல்ல பக்கங்களைத் தொடவேயில்லை. எங்கள் குவார்ட்டர்ஸில் கொலையும் காதலும் நன்றாகத் தெரிந்த ஜீவன்கள் அவைதாம்.

"பசையில கொஞ்சம் மயில்துத்தம் கலந்தா பூச்சி வராதுலா. புத்தகம் தைக்கிறவன் எல்லாம் கலப்பான். ஏன் இவரு கலக்கல?" என்று அம்மா ஒருமுறை அலுத்துக்கொண்டாள். கிராணியாருக்கு அது தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

இதுவரை சிரித்தீர்கள். எனக்கும் இதுவரைதான் சிரிப்பு வரும்.

எனக்கு ஒரு அக்கா. பெயர் ஞானம். என்னைவிட ஆறு வயது மூத்தவள். அவளுக்குப் பதினேழு வயதானபோது, அவள் படித்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்திச்சியாகப் பழக ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார்கள். ஒரே ஒரு இடம். அதற்கு ஒரு பரீட்சை. ஞானத்துக்குச் சிறுவயதிலிருந்தே அந்த ஒரு ஆசைதான். அடுக்களைக் கதவில் கரித்துண்டால் எழுதி, பூனைக்கும் எனக்கும் பாடம் நடத்துவாள். பூனை சீக்கிரம் தேறியது.

அப்பா ஒரு நிபந்தனை போட்டார். "பாஸ் பண்ணா வாத்திச்சி வேலைக்குப் போ. இல்லேன்னா செமோர் தோட்டத்துக் கிராணி மாப்பிள்ள கேட்டுக்கிட்டே இருக்காங்க. தை மாசம் கல்யாணம். ரெண்டுல ஒண்ணு."

அக்கா தலையாட்டினாள். அவள் எப்போதும் தலையாட்டுவாள். அப்பா சொன்னால் சரி, அம்மா சொன்னால் சரி. ஆவிக் கெண்டியை நான் நீட்டினால், "வேணாம்டி செல்லம். படிக்கக் கூடாதுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எனக்கு எரிச்சலாக வரும்.

பரீட்சைக்கு ஒரு கதைப் புத்தகத்தைப் பாடமாக வைத்திருந்தார்கள். ஊரில் ஒரு தகப்பன் தன் மகளைக் கேட்காமல் கல்யாணம் நிச்சயம் செய்கிறான். அந்தப் பெண் என்ன செய்தாள் என்பது கதை. புத்தகம் பினாங்கிலிருந்து வந்து சேரவே பரீட்சைக்கு மூன்று வாரம்தான் மிச்சம். வழக்கப்படி அது கிராணியார் வீட்டுக்குப் போனது. சனிக்கிழமை சாயங்காலம் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். ஒரு மணி நேரம் கழித்து முகம் சிவந்து திரும்பி வந்தார். என்ன பேசினார்கள் என்று எங்களுக்குச் சொல்லவில்லை.

மறுநாள் கோயில் வாசலில் அக்காவின் கையில் புத்தகத்தைக் கொடுத்தார் கிராணியார். நடுவில் பதினாறு பக்கங்கள் ஒட்டியிருந்தன. அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"மாமா, இதுல இருந்து கேள்வி வந்தா?"

கிராணியார் ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்தார். அப்பா இரண்டடி தள்ளி நின்று குடையை விரித்துக்கொண்டிருந்தார்.

"இப்ப மழக் காலம் பாரு. ஈரத்துல பசை சரியாப் பிடிக்காது. தானா விட்டுரும். அடிக்கடி எடுத்துப் பாத்துக்க, ஞானம்" என்றார் கிராணியார். பிள்ளைகளிடம் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. "எடுத்துப் பாத்துக்க, என்ன?"

அக்கா தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தைத் துணியில் சுற்றித் தையல் மெஷினின் இரும்புக் காலுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

"எதுக்குக்கா?"

"பசை விட்டுருமாம். பாத்துக்கச் சொன்னாருல்ல? நல்லா அழுந்தட்டும்."

படிக்க வேண்டிய நேரத்தில் மட்டும் எடுப்பாள். ஒட்டாத பக்கங்களை மனப்பாடமாக ஒப்பிப்பாள். மறுபடி மெஷினுக்கு அடியில் வைத்துவிடுவாள். மூன்று வாரமும் இதேதான்.

பரீட்சையில் ஐந்து கேள்விகள். பாதி மார்க்கு ஒரே கேள்விக்கு: தகப்பன் நிச்சயித்த கல்யாணத்தை மறுத்து அந்தப் பெண் சொன்ன காரணங்களை விவரி. எங்கள் அக்கா பொய் சொல்லத் தெரியாதவள். ஏதாவது இட்டுக்கட்டி எழுதியிருக்கலாம். அவள் எழுதியது ஒரே வரி: "இந்தப் பகுதியைப் படிக்க என் பெற்றோர் எனக்கு அனுமதி கொடுக்கவில்லை."

திருத்திய துரைசாணியம்மா அதை மற்ற வாத்திச்சிகளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிச் சிரித்தார்களாம். இடம் வேறொரு பெண்ணுக்குப் போனது. அக்கா அழவில்லை. அடுக்களைக் கதவை ஈரத் துணியால் சுத்தமாகத் துடைத்தாள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை கெட்டவர் அல்ல. பேச்சு இல்லாதவர். கல்யாண விருந்தில் கிராணியார் இலையில் கைவைக்காமல் எழுந்து போனார்.

அடுத்த சனிக்கிழமை புத்தகங்களோடு போனவர்கள், அவர் வாசலில் குந்திக்கொண்டு பசைச் சட்டியைக் கவிழ்த்துக் கோழிகளுக்குப் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள்.

"என்னாங்க கிராணியாரே, புத்தகம் கொண்டாந்திருக்கோம்."

"எடுத்துட்டுப் போங்கலா. உங்க புள்ளைங்க. நீங்களே படிச்சுப் பாத்து முடிவு பண்ணுங்க."

அவ்வளவு பெரிய பாரத்தை எங்கள் பெற்றோர் எப்படிச் சுமப்பார்கள்? எல்லாப் புத்தகங்களையும் எங்கள் வீட்டு அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். சாவி அப்பாவின் அரைஞாணில் தொங்கியது. ஒட்டாத பக்கமாவது படித்துக்கொண்டிருந்தோம், அதுவும் போனது. இதில் மனத்தாங்கல் எங்களுக்கு மட்டும்தான். பெரியவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

அக்காவின் அந்த ஒரு புத்தகம் மட்டும் அலமாரிக்குப் போகவில்லை. இரண்டு வருஷம் கழித்து, தையல் மெஷினுக்கு எண்ணெய் போடக் குனிந்தபோது துணி மூட்டையாக என் கையில் அகப்பட்டது. எனக்கு அப்போது பதிமூன்று வயது. கெண்டியை அடுப்பில் ஏற்றிவிட்டு, தண்ணீர் கொதிக்கும்வரை பொறுக்காமல், முதல் ஒட்டிய பக்கத்தின் மூலையில் நகத்தை வைத்தேன்.

பக்கம் திறந்துகொண்டது.

இழுக்கவில்லை, கிழியவில்லை. மேல் மூலையில் ஒரு கடுகளவு பசை, கீழ் மூலையில் ஒரு கடுகளவு. நடுவில் ஒன்றுமே இல்லை. அடுத்த பக்கமும் அப்படியே. பதினாறு பக்கமும் அப்படியே. அடுப்பில் கெண்டி வீணாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அங்கேயே உட்கார்ந்து பதினாறு பக்கத்தையும் படித்தேன். படித்து முடித்ததும் புத்தகத்தோடு கிராணியார் வீட்டுக்கு ஓடினேன்.

"ஏன் சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா அக்கா பாஸ் பண்ணியிருக்கும்லா!"

அவர் என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். என்னை உள்ளே வந்து உட்காரச் சொன்னார்.

"பரீட்சப் புத்தகம், ஒட்ட மாட்டேன்னுதான் சொன்னேன். உங்கப்பா கேக்கல. 'தகப்பன எதுத்துப் பேசுற பொண்ணா? நீங்க ஒட்டலேன்னா நான் கிழிச்சு அடுப்புல போடுறேன்'னாரு. போட்டுருவாரு. அதான் ஒட்டுனேன். பிள்ளைகிட்ட வாய்விட்டுச் சொல்ல மாட்டேன்னு வேதத்துல கை வச்சுச் சத்தியம் வேற வாங்கிட்டாரு."

"அதுக்கு?"

"தெரியும் எனக்கு. நீங்க எல்லாரும் கெண்டியில காட்டிப் பிரிக்கிறது மொத மாசத்துலேருந்தே தெரியும். இட்லி மாவு வாடை வராதா? அதனாலதான் துத்தமும் கலக்கல. எச்சி தொட்டுத்தானே பக்கத்தப் பொரட்டுவீங்க. வயித்துக்குள்ள போனா வெசம்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "ஞானமும் பிரிச்சிருவான்னு நெனச்சேன், செல்லம். இந்த வரிசையில பிரிக்காத புள்ள ஒண்ணு இருக்கும்னு நான் நெனக்கவே இல்ல."

திட்ட வந்த நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் தேத்தண்ணி ஊற்றி என் முன்னால் வைத்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நீ படிச்சிட்டியா? அந்தப் பொண்ணு தகப்பன் முன்னால நின்னு பேசுற எடம்?"

"படிச்சேன்."

"எப்படி இருந்துச்சு?"

சொன்னேன். அவர் சொன்னார். நான் மறுத்தேன். அவர் எழுந்து நின்று, நெட்டைக் கையை நீட்டி, அந்தப் பெண் பேசுவதைப் பேசிக் காட்டினார். தேத்தண்ணி ஆறிப்போனது. ஒரு கதையைப் பற்றி இன்னொருவரோடு பேசலாம் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஊர்ப் புத்தகங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் படித்துவிட்டு, வாய் திறக்க ஒரு ஆள் இல்லாமல் எத்தனை வருஷம் இருந்தாரோ.

புத்தகத்தை அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். செமோருக்கு ரயிலில் போய், தோட்டத்துச் செம்மண் பாதையில் நடந்து. இடுப்பில் குழந்தையோடு கிராணி வீட்டு வாசலில் நின்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தையை இறக்காமல் ஒரு விரலால் பக்கங்களின் மூலையைத் தடவிப் பார்த்தாள். படிக்கவில்லை.

"எல்லாருமா பிரிச்சீங்க?"

"எல்லாருந்தான்கா."

"போதகர் வீட்டுப் பையனும்?"

"அவனுந்தான்."

புத்தகத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "நீயே வச்சுக்க. எனக்கு அடுப்புல சோறு இருக்கு" என்று உள்ளே போனாள். சொல் கேட்ட பிள்ளைக்கு எங்கள் குவார்ட்டர்ஸ் கொடுத்த பரிசு அதுதான். அப்பா சாகும்வரை, தன் மூத்த மகளைப் போல அடங்கிய பெண் ஈப்போவிலேயே கிடையாது என்று வருகிறவர்களிடம் எல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒருமுறைகூட அவரை மறுத்துப் பேசவில்லை. அந்தப் பதினாறு பக்கத்தையும் படித்தவள் நான். வெட்கமாக இருக்கிறது.

கிராணியார் அதற்கப்புறம் நாலு வருஷம் இருந்தார். சனிக்கிழமைகளில் அவர் வீட்டுக்கு நான் போவது அம்மாவுக்குத் தெரியாது. அடக்கத்தன்று பெட்டியின் பக்கத்தில் நின்றபோது மரவள்ளி வாடை இல்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவர் மேல் எனக்குள்ள கோபம் இன்றும் குறையவில்லை. வேதத்தில் கை வைத்த சத்தியத்தை ஒரு பெண்ணின் வாழ்க்கைக்காக அவர் மீறியிருக்கலாம். ஆனாலும், இந்த வயதிலும் ஒரு நல்ல கதையைப் படித்து மூடியவுடன், யாரிடம் சொல்லலாம் என்று மனசு தேடும்போது, முதலில் அவர் வீட்டு வாசலில்தான் போய் நிற்கிறது.